ஐஸில் வச்ச மீனும் நாறுவது ஏன்? 'ஷெவனெல்லா' பாக்டீரியா செய்யும் வேலை!

ஐஸ்ல வச்சாச்சு, இனி மீன் கெடாதுன்னு நினைக்கிறீங்களா? ஷெவனெல்லா என்ற கடல் பாக்டீரியா குளிரிலும் வளரும். ஐஸ் அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

நாற்றம் எப்படி வருது?
கடல் மீனின் தசையில் உள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடை இது டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. அதுதான் கவுச்சி வாடை. கூடவே அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியாகிறது.

மனிதர்களுக்கு ஆபத்தா?
இதே வகையைச் சேர்ந்த ஷெவனெல்லா ஆல்கே, உடல் சூட்டிலும் நன்றாக வளரும். டென்மார்க்கில் கடலில் குளித்தவர்களுக்கு காதில் தொற்று வந்திருக்கிறது. காலில் ஆறாத புண் இருந்தால் அதன் வழியே ரத்தத்திலும் கலக்கலாம். கல்லீரல் நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம்.

என்ன செய்யணும்?
புண்ணோடு கடலில் இறங்காதீங்க. மீனை அன்றே சமைச்சிடுங்க. கடல் தண்ணி பட்ட புண் வீங்கினால், அதை டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க.