துப்பாக்கி வாங்கினால் மட்டும் போதுமா?

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று. மனு பாக்கர் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று துப்பாக்கி பழுதாகிவிட்டது. சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. 60 குண்டுகளைச் சுட மொத்தமே 75 நிமிடம்தான்! மிச்சத்தை அவசர அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். இரண்டே புள்ளியில் இறுதிச்சுற்று கை நழுவியது.

உலகத்தரமான துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், வாங்கி வைத்ததோடு மறந்துபோன துப்பாக்கியின் கதி என்ன? தென்காசிப் பக்கத்து மாணவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். காரணம், குற்றாலம்!

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். ஊருக்கே கொண்டாட்டம்; துப்பாக்கிக்கோ திண்டாட்டம். துவைத்த துணியே காயாத அந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். கைக்கு அளவாகச் செதுக்கிய மரப்பிடி ஈரத்தில் உப்பும். காற்று உருளையைக் கைப்பம்பில் நிரப்பினால் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். பம்பில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி இல்லையென்றால் வெளியே பளபளப்பு, உள்ளே துரு!

இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சுட்டு முடித்ததும், குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வியர்வை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது ஈரமானதும் மாற்ற வேண்டும். கண்ட எண்ணெயையும் ஊற்றாமல், தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் பயன்படுத்த வேண்டும். காற்று உருளையின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும்; போட்டியில் அது வீரரின் பொறுப்பு. ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்தால் மட்டும் பராமரிப்பு ஆகிவிடாது!

"பயிற்சிதான் முக்கியம், துப்பாக்கியைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள் சிலர். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறக்குறைய பாதி! தினமும் குண்டில்லாமல் விசையை இழுத்துப் பழகுவதே, விசை இழுபடும் விதத்தை விரல் மனப்பாடம் செய்யத்தான். துப்பாக்கி நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி இருந்தால் விரல் எதைக் கற்கும்? பராமரிப்பும் பயிற்சியின் ஒரு பாதிதான். அதைச் சுடுபவரே செய்ய வேண்டும்.

பள்ளிகளும் கிளப்புகளும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்று துப்பாக்கி வாங்கப் பணம் இருந்தால் இரண்டு வாங்கட்டும். மீதியை வாஷருக்கும் உதிரி பாகத்துக்கும் சர்வீஸுக்கும் ஒதுக்கட்டும். திறப்பு விழாவில் மூன்று துப்பாக்கி அழகாக இருக்கும். அடுத்த சாரலுக்குப் பிறகு எத்தனை சுடும் என்பதுதான் கேள்வி.

அதே மனு பாக்கர் 2024 ஜூலையில் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். ஒன்று தனிநபர் பிரிவில், இன்னொன்று சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில். அவருக்கு இன்னொரு ஒலிம்பிக் கிடைத்தது. மாவட்டப் போட்டிக்கு வரும் மாணவருக்கு அந்த ஒரு நாள்தான். அன்று துப்பாக்கி காலை வாரிவிட்டால், அவர் அடுத்த ஆண்டு வராமலே போய்விடலாம்.