கழுத்தில் போடும் சின்னத் துளை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் பேரருவிக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி குளிக்க மட்டும் வருவதில்லை. கழுத்து வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் வருகிறது. முதலில் மசாஜ் கடையில் எண்ணெய்த் தேய்ப்பு. முதுகு, தோள் எல்லாம் முடிந்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து 'மடக்'கென்று ஒரு திருப்பு. சொடக்குச் சத்தம் கேட்டால்தான் கொடுத்த காசுக்குத் திருப்தி. பிறகு அருவியில் பிடரியைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இப்ப எவ்வளவோ தேவலை" என்று ஈரத்துண்டோடு பஜ்ஜிக் கடையைத் தேடிப் போய்விடுவார்கள்.

தேவலையாக இருப்பது பொய்யில்லை. இறுகிக் கிடக்கும் சதை சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தளரத்தான் செய்யும். வெறும் சதைப்பிடிப்பு என்றால் இதைவிடச் சுகமான வைத்தியம் கிடையாது. வலிக்குக் காரணம் சதையாக இல்லாமல் கழுத்து டிஸ்க்காக இருக்கும்போதுதான் விவகாரம் ஆரம்பிக்கிறது.

இதற்கு நேர் எதிர்க்கரையில் இன்னொரு கூட்டம். கை மரத்துப்போகிறது என்று போனவர் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார், 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்று ரிப்போர்ட் வருகிறது, குடும்பமே நடுங்கிப் போகிறது. அப்போது கண்ணில் படுவது விளம்பரம்: நுண்துளை அறுவை சிகிச்சை, பெரிய தழும்பு கிடையாது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம். துளை சின்னது என்றதும் பயமும் சின்னதாகிவிடுகிறது. சரி என்று தலையாட்டி விடுகிறார்கள்.

இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் பெரும்பாலான நோயாளிகளுக்கு வேண்டிய வைத்தியம் இருக்கிறது. அதற்குத்தான் விளம்பரமே இல்லை!

முதலில் டிஸ்க் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். கழுத்தில் 7 எலும்புகள். மேலே இருக்கும் முதல் இரண்டுக்கும் இடையில் டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வோர் எலும்புக்கும் நடுவில் ஒரு மெத்தை. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். வயதாக ஆக வளையம் தளர்ந்து விரிசல் விடும், கூழ் பிதுங்கும். பக்கவாட்டில் பிதுங்கினால் கைக்குப் போகிற நரம்பை அழுத்தும். அதிகமாக மாட்டிக்கொள்வது 5-6, 6-7 எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க்குகள். முதலாவது என்றால் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் மரக்கும், இரண்டாவது என்றால் நடுவிரல். ஆக, நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே எந்த நரம்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

எம்.ஆர்.ஐ.யில் தெரிவதெல்லாம் வியாதி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்துத்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு ராத்திரித் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே நரம்பு அழுத்தப்பட்டவர்கள் கதி? அதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1994-ல் வந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு அழுத்தத்துக்காக மருத்துவரிடம் வந்த 561 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 26 சதவீதம்தான். கடைசியாக விசாரித்தபோது சுமார் 90 சதவீதம் பேர் வலியே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். (அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் டாக்டர் குருப்பத் ராதாகிருஷ்ணன். பிற்பாடு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். குற்றாலம் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.)

பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆறு வாரம், சில பேருக்கு மூன்று மாதம். அதுவரை வலி மாத்திரை, பளு தூக்காமல் இருப்பது, பிசியோதெரபி. கேட்க சப்பென்றுதான் இருக்கும்.

இப்படிச் சொல்வதால் நுண்துளை சிகிச்சையே மோசடி என்று அர்த்தமில்லை. ஆறேழு வாரமாகியும் கை வலி உயிரை எடுத்தால், கையில் பலம் குறைந்துகொண்டே போனால், செய்துதான் ஆக வேண்டும். அப்போது அது அருமையான வழி. பழைய முறையில் கழுத்தின் முன்பக்கம் கீறி, டிஸ்க்கை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஒட்ட வைப்பார்கள். 1950-களிலிருந்து நடந்துவரும், நன்றாகப் பலன் தருகிற முறைதான் அது. நுண்துளை முறையில் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல் போட்டு, சதையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு ஒரு குழாய் இறங்கும். மைக்ரோஸ்கோப்போ எண்டாஸ்கோப்போ வழியாகப் பார்த்து, நரம்பு வெளியேறும் துவாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பிதுங்கிய துண்டை எடுத்துவிடுவார்கள். எலும்பை ஒட்ட வைக்க வேண்டியதில்லை; கழுத்து வளைந்து திரும்புவது அப்படியே இருக்கும். நெதர்லாந்தில் 265 பேரிடம் முன்வழியையும் பின்வழியையும் ஒப்பிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பின்வழி சளைத்ததில்லை என்று தெரிந்தது.

ஆனால் இது எல்லாக் கழுத்துக்கும் பொருந்தாது. டிஸ்க் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தால் பின்வழி சரி. நடுவில் பிதுங்கித் தண்டுவடத்தையே அழுத்தினால் பெரும்பாலும் முன்வழிதான். துளையின் அளவைப் பார்த்து ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது, அட்டையின் அழகைப் பார்த்து பரீட்சைக்கு கைடு வாங்குவது மாதிரி. தோலில் கீறல் சின்னதுதான். உள்ளே தொடப்போவது அதே நரம்பை, அதே தண்டுவடத்துக்குப் பக்கத்தில். 'ஊசியிலேயே முடித்துவிடலாம்' என்பதற்கும் இது பொருந்தும். தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளால் அபூர்வமாகப் பக்கவாதம், பார்வை இழப்பு வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது.

சரி, தென்காசி கணக்குக்கு வருவோம். சுளகை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிற பெண்களும், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தலையிலும் பிடரியிலும் மூட்டை சுமக்கிற லோடுமேன்களும் உள்ள மாவட்டம். (டிஸ்க் தேய வயதும் பரம்பரையும் பெரிய காரணங்கள், ஆனால் குனிந்தே இருக்கிற கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?) இவர்களிடம் போய் 'ஆறு வாரம் ஓய்வெடுங்கள்' என்று சொல்வது சுலபம். பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. சுற்றாத நாளுக்குக் கூலி கிடையாது. பி.காம். முதல் வருடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வருமே, அது இதுதான். செலவில்லாத வைத்தியம் என்று மருத்துவர் நினைப்பது, நோயாளியின் நோட்டில் ஆறு வாரச் சம்பள நஷ்டம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம், அது இல்லாவிட்டால் பல குடும்பங்கள் நிலத்தை விற்றிருக்கும். ஆனால் அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. கத்தி வைத்தால் பணம் வரும். கத்தி வைக்காமல் வாரம் மூன்று தடவை பிசியோதெரபிக்கு பஸ் பிடித்துப் போனால் பஸ் காசும் கூலி நஷ்டமும் நோயாளி தலையில். ஊக்கத்தொகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வைத்தியமும் சாயும். இதற்கு எந்த டாக்டரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது. பெரிய நரம்பு அறுவை என்றால் இன்னும் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ மதுரைக்கோதான் வண்டி ஏற வேண்டும். அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. பிசியோதெரபியை மாற்ற முடியும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் பீடி சுற்றும் தெருக்களுக்கு வாரம் ஒருமுறை வந்து, சுளகை மடியிலிருந்து உயரமான பலகைக்கு மாற்றுவது எப்படி, கழுத்துக்கு என்ன பயிற்சி என்று காட்டினால் ஒரு ஆபரேஷன் தியேட்டர் கட்டுவதைவிட மலிவு. கட்டாய ஓய்வில் இருப்பவருக்குச் சின்னதாக ஒரு படி கொடுத்தால்கூட, தேவையில்லாத ஆபரேஷன் ஒன்றின் செலவை விடக் குறைவாகத்தான் வரும்.

அருவிக்கரை மசாஜையும் விரட்ட வேண்டியதில்லை. எண்ணெய் தேய்க்கட்டும், தோளை அமுக்கட்டும். அந்தக் கடைசித் திருப்பு மட்டும் வேண்டாம். கழுத்து எலும்புக்குள்ளேயே மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஓடுகிறது. வேகமாகத் திருகும்போது அது கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் திரும்ப வராத நஷ்டம். தண்டுவடம் ஏற்கெனவே அழுத்தப்பட்டவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, செருப்பு காலில் இருந்து நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது - இதில் ஒன்று இருந்தாலும் அவர் போக வேண்டிய இடம் அருவி இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவருக்கு ஆறு வாரக் காத்திருப்பும் கிடையாது.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, மசாஜ் கடைகள் இருக்கும் தெருவிலும், இன்னொரு போர்டு வைக்கலாம்: "கை மரத்துப் போனவர்கள், நடை தடுமாறுபவர்கள் கழுத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள்." பெயின்டர் கூலி எவ்வளவு ஆகிவிடப் போகிறது?