ஜின்னுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை?

மாயப்புனைவு தமிழுக்குப் புதிது என்று அண்மைக் காலமாக ஒரு கதை பரப்பப்படுகிறது. ஹாரி பொட்டர் படங்கள் 2001 தொடக்கம் 2011 வரை வந்து தீர்ந்த பிறகு, 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களும் வீட்டுக்கு வீடு இறுவட்டில் ஓடி முடிந்த பிறகு, நம் இளைஞர்கள் "எங்களிடம் இப்படியொன்று இல்லையே" என்று கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள். கொழும்பில் 2015இல் லங்கா கொமிக் கொன் தொடங்கியது. அங்கே மந்திரவாதியாகவும் மாவீரனாகவும் வேடம் தரித்துக்கொண்டு பொடியன்களும் பெட்டைகளும் கூடுகிறார்கள். நல்லதுதான். வேடம் போடுவதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. ஆனால், ஒரு கற்பனைக் கதைக்காக ஊர் கூடுவதும், அதன் பாட்டுகளைப் பாடமாக்குவதும், பாத்திரத்தைப் போல உடுத்துவதும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சங்கதி என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று சொன்னால், பக்கத்தில் நின்று தலையாட்ட என்னால் முடியாது.

காத்தவராயன் கூத்து எதற்கு ஆடப்பட்டது? நேர்த்திக்கு என்பார்கள். நேர்த்தி உண்மைதான். ஆனால் பாயும் தலையணையும் சுமந்துகொண்டு அடுத்த ஊரிலிருந்து நடந்து வந்து, விடிய விடியக் குந்தியிருந்தவர்கள் எல்லோரும் நேர்த்திக்காரர்களா? ஆதிகாத்தான் யார், பின்காத்தான் யார், எந்த ஊர்க் காத்தானின் குரல் எந்த ஊர்க் காத்தானை விழுத்தும் என்று சந்தியில் நின்று வாதாடியவர்கள் பக்தர்கள் மட்டுமல்லர், ரசிகர்கள். சிந்துநடையின் மெட்டு வயல்வெளியில் வேலைசெய்பவன் வாயிலும் இருந்தது. ஆரியமாலை மேல் ஆசைப்பட்டவன் கடைசியில் கழுமரம் ஏறும் நேரம் கிழக்கு வெளுக்கும். தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். அதைத் தவறவிடக்கூடாது என்பது ஊரின் எழுதாத சட்டம். இதற்குமேல் ஒரு ரசிகர் கூட்டத்துக்கு என்ன இலட்சணம் வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் தர்க்கிக்க வந்தது காத்தானைப் பற்றியல்ல. காத்தானுக்கு வக்காலத்து வாங்க ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து அரங்கின் இன்னொரு கிளை எங்கிருந்து வந்தது என்று எழுதும்போது, நம் ஆய்வாளர்கள் ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான். அந்தச் சொல் 'பார்சி'.

இசை நாடகம், டிறாமா மோடி, கொட்டகைக் கூத்து என்று பல பெயரில் அறியப்பட்ட அந்த அரங்கு யாழ்ப்பாணத்தின் பெருமை. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து (1924 - 1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கண்கலங்குகிறார்கள். அந்த அரங்கின் ஹார்மோனியமும், தீட்டிய திரைச்சீலைகளும், வசனத்தை முந்திக்கொண்டு வரும் பாட்டும் பார்சிக் கம்பனிகளிடமிருந்து வந்தவை என்று எல்லா நூலும் சொல்லும். சரி. அந்தப் பார்சிக் கம்பனிகள் எதை ஆடின? யார் எழுதியதை ஆடின?

லக்னோவில் நவாப் வாஜித் அலி ஷாவின் காலத்தில், 1850களின் தொடக்கத்தில், ஆகா ஹசன் அமானத் என்ற உருதுக் கவிஞர் 'இந்தர் சபா' என்றொரு நாடகத்தை எழுதினார். இந்திரனின் சபை. அந்தச் சபையில் ஆடுகிறவர்களோ பாரசீகக் கதைகளின் பரிகள். பச்சைப் பரி குல்பாம் என்ற மனித இளவரசன் மீது காதல் கொள்கிறாள், இந்திரனின் கோபத்துக்கு ஆளாகிறாள், பிறகு பாட்டாலேயே அவனை மீட்கிறாள். இந்து தேவலோகத்தில் முஸ்லிம் தேவதைகள்! இதை எழுதிய முஸ்லிம் கவிஞருக்கும் கூச்சமில்லை, பார்த்த இந்துவுக்கும் கூச்சமில்லை. பார்சி முதலாளிகள் அதை பம்பாயிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலப்பகுதியில் அக்கம்பனிகள் கொழும்புக்கும் வந்தன. சிங்கள நூர்த்தி அரங்கு அந்தப் பாதிப்பில் எழுந்தது. அந்த நாடகம் 1932இல் பேசும்படமாக வந்தபோது ஏறக்குறைய எழுபது பாடல்கள் இருந்தன என்றால், பாட்டு மோகம் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'பார்சி மெட்டு' என்று அண்ணாவிமார் சொன்னதற்குள் உருதுக் கவிஞர்களும் உஸ்தாத்மார்களும் இருந்தார்கள். கொட்டகைக்குக் காசு போட்டவன் பெயர் நிலைத்தது, பாட்டெழுதியவன் பெயர் போய்விட்டது. முதலாளிகளின் உலகத்தில் இது நடப்பதுதான். ஆனால் ஆய்வாளனும் அதே வழியில் போகவேண்டுமா?

அடுத்தது திரைப்படம். 'குலேபகாவலி' 1955, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956, 'பாக்தாத் திருடன்' 1960. எம்.ஜி.ஆர் என்ற கண்டியில் பிறந்த மனிதரை யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய காலம் அது. வின்சரும் வெலிங்டனும் மனோகராவும் ராஜாவும் நிரம்பி வழிந்த காலம். அந்தப் படங்களின் பாட்டுகளை இலங்கை வானொலி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சலூனிலும் தேத்தண்ணீர்க் கடையிலும் அவை ஒலித்துக்கொண்டேயிருந்தன. குலேபகாவலி என்ற பூவைக் கொண்டுவந்து தகப்பனுக்குப் பார்வை கொடுக்கும் இளவரசனின் கதையை 1722இல் இஸ்ஸதுல்லாஹ் என்ற வங்காள முஸ்லிம் பாரசீகத்தில் எழுதினார். 1803இல் நிஹால் சந்த் லாகூரி என்ற இந்து அதை உருதுவில் வசனமாக்கினார். 1838இல் தயாசங்கர் நஸீம் என்ற இன்னொரு இந்து அதையே உருதுக் காவியமாகப் பாடினார். எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

இதில் நமக்கும் தனிப்பட்டயம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலாவுதீனும் அலிபாபாவும் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. 1709இல் பாரிஸ் நகரத்தில் ஹன்னா தியாப் என்ற அலெப்போ கிறிஸ்தவர் பிரெஞ்சுக்காரரான கலானுக்கு வாயால் சொன்ன கதைகள் அவை. ஆகவே "இதெல்லாம் எங்கள் கதை" என்று முஸ்லிம் ஒருவர் மார்தட்டினால் அவருக்கும் இதே பதில்தான். நான் கேட்பது உரிமைப் பத்திரமல்ல. வந்த வழியை மறைக்காதே என்பதுதான்.

மறைப்பதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. வெள்ளித்திரையில் தலைப்பாகை கட்டி, குதிரையேறி, "திறந்திடு ஸீஸேம்" என்று கூவிய கற்பனை முஸ்லிமை யாழ்ப்பாணம் நெஞ்சில் வைத்திருந்தது. பாக்தாத் அதற்கு அந்நியமில்லை. சோனகத் தெரு? பட்டணத்துக்குள்ளேயே இருந்த அந்தத் தெருவின் மனிதர்கள் தையற்காரர்களாக, இரும்புக் கடைக்காரர்களாக, இறைச்சிக் கடைக்காரர்களாக மட்டுமே அறியப்பட்டார்கள். அங்கே புலவர்கள் இருந்தார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவர். அசனாலெப்பைப் புலவர் யாழ்ப்பாணத்தவர். ஈழத்துப் புலவர் வரிசையைப் பட்டியலிடும்போது இவர்களுக்குக் கடைசியில் ஒரு பத்தி கிடைத்தால் அதிர்ஷ்டம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டபோது, அந்தத் தெருவின் மக்கள் பெரும்பாலும் உடுத்த உடையோடு போனார்கள். வடக்கிலிருந்து அந்த நாட்களில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் யாராவது ஒரு வீட்டில் குலேபகாவலிப் பாட்டை முணுமுணுத்திருப்பார்கள். கற்பனைச் சோனகனுக்கு இருந்த இடம் அசல் சோனகனுக்கு இருக்கவில்லை. ஒரு பாட்டைப் பாடியவனையும் அதை எழுதியவனின் இனத்தானையும் தொடர்புபடுத்திப் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்காததன் விளைவும் இதில் கொஞ்சம் இருக்கிறது என்பது என் துணிபு. துப்பாக்கிக்கு முன்னால் பாட்டு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாதுதான். ஆனால் அதற்குப் பிந்திய நீண்ட மௌனம் துப்பாக்கியால் மட்டும் வந்ததல்ல.

இந்த மறதிக்கு முற்போக்கு விமர்சனமும் பங்களித்திருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் யதார்த்தமே தராசு என்று நிறுவியவர்கள் ஈழத்து எழுத்துக்குச் செய்த நன்மை பெரிது; அதை மறுப்பவன் நன்றிகெட்டவன். ஆனால் அந்தத் தராசில் ஏறாததையெல்லாம் 'நாவலுக்கு முந்திய' பண்டமென்று ஒதுக்கினார்களே, அது அநியாயம். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் சித்திலெப்பையின் அசன்பேயுடைய கதை (1885) கெய்ரோவிலும் பம்பாயிலும் அலையும் ஓர் அற்புத சாகசம். அதற்கு அடுத்து 1891இல் இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை, காட்டில் கரடி வளர்த்த பிள்ளையைப் பற்றிய ஐரோப்பிய மாயக்கதையின் வழி வந்தது. ஒருவர் முஸ்லிம், மற்றவர் கிறிஸ்தவர். ஆக, நம்முடைய புனைகதை பிறந்ததே மாயத்தின் மடியில்தான். அதைப் பிள்ளைப்பருவக் கோளாறு என்று எழுதிவைத்துவிட்டு, பிறகு லத்தீன் அமெரிக்காவிலிருந்து மாய யதார்த்தம் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் மாலையோடு நின்றதும் நம்மவர்கள்தான்!

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வெளியே உள்ளவர்களைத் திட்டுவது இலகு.

கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் படைப்போர்களையும் இராகம் போட்டு வாசித்தது நம் பெண்கள். ஒருத்தி வாசிக்க, சுற்றியிருந்து பாய் பின்னிக்கொண்டும் அரிசி புடைத்துக்கொண்டும் மற்றவர்கள் கேட்பார்கள். நூறு மசலாவில், கேள்வி மேல் கேள்வி கேட்டு மாப்பிள்ளையைச் சோதிக்கும் இளவரசி வரும்போது வாசிக்கிறவளின் குரல் கொஞ்சம் நிமிரும். எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் அனுப்பப்படாத தலைமுறைக்கு நூல்நிலையமும் அதுதான், அரங்கும் அதுதான். பிறகு சீர்திருத்தம் பேசிய மார்க்க அறிஞர்கள் வந்து, இவையெல்லாம் ஆதாரமற்ற பொய்க்கதைகள் என்றார்கள். புத்தகங்கள் பரணுக்கு ஏறின. சில அடுப்புக்கும் போயின. 1990இல் விட்டுவந்த வீடுகளில் மிச்சமிருந்தவையும் போயிற்று. ஆக, அந்த நூல்களை இரண்டு தரம் இழந்திருக்கிறோம்.

பொய்க்கதை என்கிறீர்கள். கதை வேறென்னவாக இருக்கும்? நபிகளார் மீது இல்லாததை இட்டுக்கட்டுவது வேறு, அது தவறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இறைநேசர்களின் கராமத்து வேறு, அதை நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் கதையென்று தெரிந்தே சொல்லப்பட்டு, கதையென்று தெரிந்தே கேட்கப்பட்ட கிஸ்ஸாவை எந்தக் கணக்கில் பொய் என்பது? ஜின் என்ற சொல்லே ஆகாதென்றால் குர்ஆனின் 72ஆவது அத்தியாயத்தின் பெயரை என்ன செய்வது? சுலைமான் நபியின் படையும், பேசிய எறும்பும், செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையும், கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேர்ந்த ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனமும் 27ஆவது அத்தியாயத்தில் இருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் வண்ணக்களஞ்சியப் புலவர் 1807இல் இராஜநாயகம் என்ற காப்பியமாக்கினார். இஸ்லாமியத் தமிழ்க் காப்பியம் என்றால் சீறாப்புராணத்தோடு நிறுத்திக்கொள்ளும் நம் பாடத்திட்டம் அதைத் தொடுவதில்லை. தொட்டால் பிள்ளைகள் கையை விட்டு விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எல்லாக் கிஸ்ஸாவும் நல்ல இலக்கியம் என்று சாதிக்கவும் நான் வரவில்லை. படைப்போர்களில் சில, வெட்டு வெட்டு என்று வெட்டிக்கொண்டே போகும். நாலு பக்கத்தில் அலுத்துவிடும். அலுத்துவிடுகிறது என்று சொல்லி மூடிவைக்க நமக்கு உரிமை உண்டு. ஹராம் என்று சொல்லி மூடவைப்பதோ வேறு காரியம்.

ஹார்மோனியம் பற்றிய தகராறும் உண்டு. நாகூர் ஹனிபாவின் பாட்டு வாத்தியக்குழுவோடு நம் கல்யாண வீடுகளில் அரை நூற்றாண்டு ஒலித்தது. அப்போது எழாத கேள்வி, பிள்ளைகள் மேடையேறப் போகும்போது மட்டும் எழுகிறது.

பேராசிரியர் ம.மு. உவைஸின் ஆய்வை 1953இல் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் ஆங்கிலத்தில் நூலாக்கியது. ஒரு மலையகத்துக் கிராமம் அதைச் செய்தது. பிறகு அவரும் அஜ்மல்கானும் சேர்ந்து ஆறு தொகுதிகளில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதினார்கள். ஆகவே, 'தரவு இல்லை' என்ற சாக்கு இனிச் செல்லாது. இல்லாதது மேடைதான். குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் கத்தோலிக்க மீனவர்கள் என்ன செய்தார்கள்? ஊரில் இருந்த கூத்தை எடுத்து, அதற்குள் தங்கள் புனிதர்களையும் மூவிராசாக்களையும் ஞானசவுந்தரியையும் கொண்டுவந்து இருத்தினார்கள். 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அதைப் போர்க்காலத்திலும் விடவில்லை. நாவாந்துறைக்கும் சோனகத் தெருவுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? நடந்தே போய்விடலாம்.

மீளத் திரும்பியவர்கள் வீடு கட்டவே வழியில்லாமல் நிற்கும்போது கூத்து ஒரு கேடா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. வீடு கட்டும் கோரிக்கையை நாம் யாரிடம் வைக்கிறோமோ, அவர்கள் நம்மை இந்த ஊரவர்கள் என்று நம்ப வேண்டும். நூறு வருடத்துக் காணி உறுதியைக் காட்டிப் பார்த்தாயிற்று. பாட்டையும் ஒருமுறை காட்டிப் பார்ப்போமே.

இராஜநாயகத்தில் பில்கீஸ் வரும் பகுதியைச் சிந்துநடையில் போட்டு, ஒஸ்மானியா மைதானத்தில் ஓர் இரவு ஆடலாம் என்று சில நண்பர்களிடம் சொன்னேன். சிம்மாசனத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று ஒருவர் கேட்டார். கழுமரம் நட்டு அதில் ஆளையும் ஏற்றிய ஊரில் கேட்கிற கேள்வியா இது? திரையை ஒரு தரம் இழுத்துவிட்டால் போதும். ஹார்மோனியத்துக்கு நாவாந்துறையில் ஆள் இருக்கிறார். பிற்பாட்டுக்கு மூன்று பேர் வேண்டும். பில்கீஸுக்கு நல்ல குரலுள்ள ஒரு பெட்டையைத் தேடுகிறோம்.