கைப்பேசியில் தெரியாத கொக்கிளாய்க் கடல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகனைக் கொக்கிளாய்க்கு அழைத்துச் சென்றேன். அது அவனுடைய தந்தையின் ஊர். 1984ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூர் மக்கள் வெளியேற நேர்ந்தபோது புறப்பட்ட தந்தை, பின்னர் அந்தக் கரையை மிதிக்கவில்லை. மகனோ அலைச்சறுக்குப் பலகையோடு வந்திருந்தான். தெற்கே வெலிகமவில் ஒரு வாரம் அலைகளோடு விளையாடிவிட்டு, அப்பாவின் கடலிலும் ஒருநாள் இறங்க வேண்டும் என்பது அவன் ஆசை.

வாகனத்தில் போகும்போதே கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அலையின் உயரம் 0.9 மீற்றர். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 7 செக்கன். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். “மூன்று இணையத்தளங்களும் இதையே சொல்கின்றன, மாமா. இன்னும் என்ன வேண்டும்?” என்றான்.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு செய்தி மூன்று நாளிதழ்களில் வந்துவிட்டதால் மட்டும் அது உறுதியாகிவிடுவதில்லை. மூன்றும் ஒரே செய்தி நிறுவனம் அனுப்பியதை அச்சிட்டிருந்தால், சாட்சி ஒன்றே. அலை எதிர்வுகூறலும் பெரும்பாலும் இப்படித்தான். அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகமும் ஐரோப்பிய நடுத்தர வானிலை மையமும் நடத்துகின்ற கணினி மாதிரிகளின் கணக்கையே பல தளங்கள் வெவ்வேறு வண்ணம் பூசித் தருகின்றன. ஊற்று ஒன்று, குடங்கள் பல.

அந்தக் கணக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்திற்காக ஸ்வெர்ட்ரப், மங்க் ஆகிய இரு அறிஞர்களின் முறையில் அலைகளைக் கணித்தார்கள். அங்கிருந்து வளர்ந்த கலை இது. தென்சமுத்திரத்தில் எழும் புயலின் அலை எத்தனையாவது நாளில் அறுகம்குடாவை வந்தடையும் என்பதை இன்று நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் அங்கு செல்வோர் அதை நம்பிப் பயணத் திகதியைக் குறிப்பதில் தவறில்லை.

ஆனால், கைப்பேசியில் தெரியும் எண்ணின் பொருளை எத்தனை பேர் அறிவார்கள்? அலையின் உயரம் என்று தரப்படுவது, பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. 0.9 மீற்றர் என்ற கடலில் இடையிடையே அதன் இருமடங்கை நெருங்கும் அலையும் வரலாம். அதோடு, கணினி கடலைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகிறது. உலகம் முழுவதற்குமான கணக்கில் ஒரு கட்டத்தின் பக்கமே பல கிலோமீற்றர். கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரம் அந்தக் கட்டத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

அன்று அந்த முகத்துவாரத்தின் அருகில்தான் மருமகன் பலகையை இறக்கினான். கடல் அடக்கமாகவே இருந்தது. எண்கள் பொய் சொல்லவில்லை. வலை திருத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். “தம்பி, அலை சின்னன்தான். களப்புத் தண்ணி போற வேகத்தைப் பாத்தனீங்களோ?” என்றவர், காலடியில் கிடந்த தேங்காய்ப் பொச்சொன்றை எடுத்து நீரில் எறிந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே அது கடலை நோக்கி ஓடி, உடையும் அலைகளுக்கிடையில் மறைந்துபோயிற்று.

மாரிமழை நிரப்பிய களப்பு கடலுக்குள் வடிந்துகொண்டிருந்தது. வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் எதிர்ப்படும் இடத்தில் அலை நெருங்கிச் செங்குத்தாகி உடையும். அதில் அகப்பட்டவனைத் திரும்பிவர விடாமல் நீரோட்டம் வெளியே கொண்டுபோகும். இதை எந்தத் தளமும் அவனுக்குச் சொல்லவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டான்.

ஊரார் சொல்வதே போதும், கணினி எதற்கு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே புரெவி சூறாவளி கரையைக் கடந்தது. அதை முன்கூட்டியே அறிவித்தது வானிலை அறிவியல். காற்றே இல்லாத நாளில் தொலைதூரக் கடலிலிருந்து வந்து கரையேறும் அலையைக் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். 2024 மே மாதம் அதற்கான எச்சரிக்கையை இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் விடுத்திருந்தது. அப்படியிருந்தும் மே 6ஆம் திகதி கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் சிக்கி மாண்டார்கள். அங்கே எதிர்வுகூறல் இருந்தது. கரையில் நின்றவர்களை அது தடுக்கவில்லை. கொக்கிளாயிலோ எண் கையில் இருந்தது. இடத்தின் இயல்பு அதில் இல்லை.

முதியவரிடம், “சிறுவயதிலிருந்தே இந்தக் கடலைப் பழகியவரல்லவா?” என்று பாராட்டாகக் கேட்டேன். அவர் சிரித்தார். “எங்கை, ஐயா! சண்டை முடிஞ்சு திரும்பி வரேக்கை கடல் அதுதான். முகத்துவாரம் அது இல்லை. மண்திட்டி எல்லாம் இடம் மாறிப்போச்சு. பிறகு முதலிலயிருந்து படிச்சனாங்கள்.”

அந்த விடையை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரறிவு என்பதை இரத்தத்தில் ஊறியதொன்று என நாம் புகழ்ந்து பேசிவிடுகிறோம். உண்மையில் அது நாள்தோறும் பார்த்துத் திருத்தப்படும் அறிவு. கால் நூற்றாண்டுக்கு மேல் பார்ப்பார் இல்லாதபோது அது அறுந்துபோயிற்று. திரும்பியவர்கள் மீண்டும் நூற்றார்கள். கணினியும் அதைத்தான் செய்கிறது: ஒவ்வொரு நாளும் புதிய அளவீடுகளைக் கொண்டு தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ஒன்று ஆழ்கடலைப் பார்க்கிறது. மற்றது காலடியைப் பார்க்கிறது.

ஆகவே, விடுமுறைக்குத் தாயகம் வந்து கடலில் இறங்க விரும்பும் நம் இளைஞர்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எந்த நாளில் புறப்படுவது என்பதை இணையத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலையும் படியுங்கள். இறங்குவதா வேண்டாமா என்பதை மட்டும் கரையில் அரைமணி நேரம் நின்று பார்த்து, அங்கே தொழில் செய்யும் ஒருவரிடம் கேட்ட பிறகு தீர்மானியுங்கள். பிரதேச நிருபரைக் கேட்காமல் தலைப்புச் செய்தி போட்ட ஆசிரியர் மறுநாள் திருத்தம் வெளியிட்டுத் தப்பிக்கொள்ளலாம். கடலில் அதற்கு வாய்ப்பில்லை.

அன்று மருமகன் கடலில் இறங்கவில்லை. மாலைவரை அந்த முதியவரின் பக்கத்தில் அமர்ந்து, தன் தந்தை வாழ்ந்த காலத்தில் முகத்துவாரம் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.