மழைக்குப் பின்னால் வரும் விதை யாருக்கு?



கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முல்லைப் பெரியாறு தண்ணீரை ஜூன் மாதமே திறக்கச் சொல்லிக் கேட்கிறோம். தேதி தள்ளிப்போனால் கூட்டம் போடுகிறோம். ஆனால் ஆண்டிபட்டி, தேவாரம், போடி பக்கம் மேட்டுக்காட்டுச் சோளத்துக்கு வானம்தானே அணை? அந்தச் சோளத்துக்கும் ஒரு தேதி உண்டு. அதை யார் கேட்கிறது?

விளைச்சல் குறைஞ்சா, "விவசாயி சொல்றதைக் கேக்க மாட்டான்" என்று நம் தலையில் பழியைப் போடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

புரட்டாசி நடுவில் விதைத்த 95 நாள் சோளம் கார்த்திகை நடுவில் பூக்கும். வடகிழக்குப் பருவமழை ஈரத்திலேயே பால் பிடித்து மணி முற்றும். அதையே ஐப்பசி கடைசியில் போட்டால் தை பிறக்கும்போதுதான் பூக்கும். அப்போ மழை ஏது? பனியைக் குடிச்சா மணி பெருக்கும்? பொக்குதான் மிஞ்சும். முன்னால் விதைத்த காட்டில் பெருகின குருத்து ஈ, பிந்தி முளைத்த பயிரைத் தேடி வரும். முதல் ஒரு மாசத்துக்குள் நடுக்குருத்து காய்ந்துவிடும். தப்பின கதிர் குருவிக்குத் தீனி. வீட்டுக்குச் சோளமும் இல்லை, மாட்டுக்குத் தட்டையும் இல்லை.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது என்ன? விதையை 2 சதவீத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மழைக்கு முன்பே 5 செ.மீ. ஆழத்தில் போடு என்கிறது. நல்ல யோசனைதான். மழைக்கு முன்னே விதைக்க, மழைக்கு முன்னே விதை கையில் இருக்க வேண்டாமா? ஏக்கருக்கு 6 கிலோ விதை. அதுக்கு எத்தனை நடை! "அடுத்த வாரம் வரும்" என்றார்கள். கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் என்று அலையவிட்டார்கள். காகிதம் சேருமுன்னே மண்ணில் ஈரம் போச்சு. வட்டிக்கு வாங்கி, கிடைத்த விதையைப் பிந்திப் போட்டோம். இது யார் குற்றம்?

2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. 2025-26-க்குச் சோளத்துக்குக் குவிண்டால் 3,699 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தார்கள். விளையாத சோளத்துக்கு விலை எதுக்கு?

நாம் கேட்பது:

1. ஆவணி முடியுமுன் ஊராட்சிதோறும் தரமான சோள விதை கொடு!
2. விதைப்புக்கு முன்பே கூட்டுறவுப் பயிர்க்கடன் கொடு!
3. அறிவித்த விலைக்கு ஊரிலேயே கொள்முதல் செய்!

விவசாயிகளே! ஊர்க்காரர்கள் பேசி வைத்து ஒரே வாரத்தில் விதைப்போம். குருத்து ஈக்கும் குருவிக்கும் தனிக்காடு விடாதிருப்போம். மழையைத் தேதி கேட்க முடியாது. அரசைக் கேட்கலாம். சேர்ந்து கேட்போம், வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கத்தார்