மூட்டைக் கணக்கும் முன்னாயத்தமும்

2025 நவம்பர் மாதக் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்ட நாட்களை நம்மில் எவரும் இலகுவில் மறக்க மாட்டோம். நுவரெலியா மாவட்டத்துக்கு வரும் பிரதான வீதிகள் பலவும் மண்சரிவினால் தடைப்பட்டன. மின்சாரம் இல்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. புறக்கோட்டையிலிருந்து தலவாக்கலைக்கு வர வேண்டிய எனது சரக்கு லொறி வழியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் ஓர் உத்தியோகத்தர் நனைந்த குடையுடன் கடைக்கு வந்தார்.

"முதலாளி, அரிசி எத்தனை மூட்டை இருக்கிறது?" என்று கேட்டார்.

"இருபது இருக்கும் சேர்" என்றேன். பின்னறையில் நாற்பதுக்கு மேல் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மழைக்காலத்தில் அலுவலகம் ஒன்றுக்குத் துண்டை நம்பிக் கொடுத்த சாமானுக்குக் காசு கைக்கு வர ஏழு மாதமானது. அந்தக் கசப்பு ஒரு புறம். உள்ளதைச் சொன்னால் நாளைக்குப் பதுக்கல் என்று வந்து நிற்பார்களோ என்ற பயம் மறுபுறம். இன்னும் சில கடைகளிலும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. விளைவு என்ன? கிடைத்த கணக்கை வைத்து, லயன்களை விட்டு வந்து பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்கான அரிசிப் பொதியைச் சிறிதாக்கினார்கள். அந்தக் குடும்பங்களில் பல, மாதாமாதம் என் கடையில் கொப்பி வைத்துச் சாமான் வாங்குபவை. அவர்களுக்குப் பொதி சிறிதான நேரத்தில் அரிசி என் பின்னறையில் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் அடுத்த மழைக்கும் இதுதான் நடக்கும்.

நமது நாட்டில் அனர்த்தத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. 117 என்ற அவசர இலக்கம் அவர்களுடையது. மழை பற்றிச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். மண்சரிவு பற்றி எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் தயாராகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பது அவர்களுடைய அளவு. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்தால் ஆற்றோரத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது மின்சாரத் துறையினர். நகரத்துக்குள் நகர சபை. எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது மாவட்டத்தில் அரசாங்க அதிபர், பிரதேசத்தில் பிரதேச செயலாளர், அடியில் கிராம உத்தியோகத்தர்.

கடிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்த விடயம் மற்ற இடத்தில் வேலையாக மாறாவிட்டால் அதனால் பிரயோசனமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் கண்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது. மாற்றுக் காணியும் வீடும் கொடுத்து மக்களைக் குடியமர்த்துவது யார் பொறுப்பு என்பதில்தான் காரியம் நின்றுபோனது.

தோட்டப் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். காணி கம்பனியின் கையில், மக்கள் லயத்தில், நிர்வாகம் துரையிடம். 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடவே சட்டத்தில் இடம் இருக்கவில்லை. பழைய பழக்கம் ஒரு திருத்தத்தோடு போய்விடாது. இரவு பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் மேல் லயத்துக் கதவைத் தட்டுவது யார் என்று பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியில் விடுபட்ட இன்னொரு ஆள் இருக்கிறான். அவன் வியாபாரி. வீதி அடைபட்டால் கொழும்பிலிருந்து நிவாரணம் வரும் வரை ஊரில் இருக்கும் அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மா, மெழுகுதிரி எல்லாம் நம் கடைகளில்தான் இருக்கின்றன. லொறியும் சாரதியும் நம்மிடம்தான். அப்படியிருந்தும் திட்டம் போடும் கூட்டத்தில் நமக்குக் கதிரை இல்லை. நாமும் போய்க் கேட்டதில்லை.

ஜப்பானில் இப்படி விட்டுவிடவில்லை. அங்கே உள்ளூராட்சி நிறுவனங்கள் அனர்த்தத்துக்கு முன்னரே கடைக்காரர்களுடன் ஒப்பந்தம் செய்து வைக்கின்றன. 2017இல் செவன் இலெவன், லோசன், ஃபேமிலிமார்ட் ஆகிய கடை நிறுவனங்களை அனர்த்தச் சட்டத்தின் கீழ் பொதுச் சேவை நிறுவனங்களாகவே அரசு பெயரிட்டது. அவர்களிடம் பெரிய கம்பனிகள் இருக்கின்றன, நம்மிடம் சில்லறைக் கடைகள்தானே என்று கேட்கலாம். ஒப்பந்தம் போட ஒரு தாளும் இரண்டு கையொப்பமும் போதும்.

எனது யோசனை இதுதான். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்னர் நமது வர்த்தகர் சங்கம் பிரதேச செயலாளரைச் சந்திக்க வேண்டும். நாம் கொடுக்க வேண்டியவை மூன்று. ஒன்று, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை உண்மையான கையிருப்புக் கணக்கு. இரண்டு, நள்ளிரவிலும் கடையைத் திறக்கக்கூடிய ஒருவரின் பெயரும் இலக்கமும். மூன்று, அனர்த்த நாளில் முதல்நாள் விலையைத் தாண்டுவதில்லை என்ற வாக்குறுதி. பதுக்கல் நமக்கு ஆகாத காரியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நாம் கேட்க வேண்டியவையும் மூன்று. யார் ஒப்பமிட்ட துண்டுக்குச் சாமான் கொடுப்பது, அதற்கு எத்தனை நாளில் காசு என்பது எழுத்தில் வேண்டும். கொடுத்த கையிருப்புக் கணக்கு நிவாரணத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். எச்சரிக்கை வரும்போது லயத்துக்குச் சொல்பவருக்குச் சொல்வது போல் சங்கத்துக்கும் சொல்ல வேண்டும்.

காசு தாமதமாகும் என்பது உண்மைதான். ஏழு மாதம் காத்திருந்தவன் நான். ஆனால் நமது முதல் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் அந்தக் கைகளிடம்தான் இருக்கிறது. லயம் சரிந்தால் என் கொப்பியில் உள்ள கணக்கும் சேர்ந்து சரியும்.

அடுத்த முறை அந்த உத்தியோகத்தர் குடையுடன் வந்து நின்றால், அவர் கேட்பதற்கு முன்னரே கணக்கு அவருடைய மேசையில் இருக்க வேண்டும். அதில் நாற்பது என்றே எழுதியிருக்க வேண்டும்.