உணவூட்டினால்தான் அன்பா?

சிங்கப்பூரில் வனவிலங்குகளைக் காண விலங்கியல் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காலாங் ஆற்றில் நீர்நாய்கள் நீந்துகின்றன; வீவக புளோக்குகளுக்கு இடையே இருவாட்சிப் பறவைகள் பறக்கின்றன.

இம்மாற்றம் தானாக நிகழவில்லை. நீர்வழிகள் தூய்மையானதால் நீர்நாய்களுக்கு மீன் கிடைத்தது. பீஷானில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய், 2012க்குள் இயற்கையான ஆறாக மாற்றப்பட்டது. புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986ல் இரண்டாகப் பிரித்த காட்டை, 2013ல் கட்டப்பட்ட விலங்குப் பாலம் மீண்டும் இணைத்தது.

பாலம் கட்டுவது அரசாங்கத்தின் பொறுப்பு. விலங்குகளுடன் வாழக் கற்றுக்கொள்வது நம் பொறுப்பு. அதில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

நீர்நாய்க் குட்டிகளைப் படமெடுத்துப் பகிர்கிறோம். வீட்டுக் குளத்துக் கோய் மீனைத் தின்றால் புகார் செய்கிறோம். குரங்குக்கு ரொட்டி தருகிறோம். அது பையைப் பறித்தால் அட்டகாசம் என்கிறோம். விலங்கு நம் விருப்பப்படி நடக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறோம்.

“பசிக்கு உணவு கொடுப்பதில் என்ன தவறு?” என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நீண்டவால் குரங்குகளுக்குக் காட்டிலேயே உணவு உண்டு. பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புபவை அவை. மனிதர் தரும் உணவுக்குப் பழகினால் சாலையோரத்துக்கு வருகின்றன. பிளாஸ்டிக் பை என்றாலே உணவு என்று கற்றுக்கொள்கின்றன. பின்னர் வாகனத்தில் அடிபடுவதும் பொறியில் சிக்குவதும் அவைதான். வனவிலங்குச் சட்டம் 2020ல் கடுமையாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். உணவூட்டுவோருக்கு முதன்முறை 5,000 வெள்ளி வரையும் மறுமுறை 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கலாம்.

அபராதம் கையைத் தடுக்கும்; புரிதலைத் தராது. “கொடுக்காதே, தொடாதே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், இளையர்களுக்கு இயற்கை வெறும் எச்சரிக்கைப் பலகையாகிவிடும்.

கவனிப்பதிலிருந்து தொடங்கலாம். விடியற்காலையில் கூவும் குயிலைப் பற்றி இங்கு இரைச்சல் புகார்கள் எழுகின்றன. அக்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதை அறிந்தவருக்கு, அதே கூவல் அருகில் காகக் கூடு இருக்கலாம் என்ற தகவலாகக் கேட்கும். எரிச்சல் குறைந்து ஆர்வம் பிறக்கும்.

தெங்கா நகரம் ஒரு வனப்பாதையைச் சுற்றி உருவாகிறது. அத்தகைய இடங்களில் குடியேறப்போவது நம் தலைமுறைதான். அண்டை வீட்டாரை அறிந்துகொள்வதுபோல, அங்கு வரும் விலங்குகளையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ரொட்டியை நீட்டாமல், சற்றுத் தள்ளி நின்று.